வெள்ளம் வடியும் வரையில்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் திருநாமம் வாய்த்த வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். செட்டிப்பெண் இரத்தினாவதி நிறைமாத கர்ப்பிணி. பேறுகாலத் துணைக்காகப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட அவளுடைய தாய், காவிரியில் பெருகிய வெள்ளத்தைக் கடக்க இயலாமல் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இக்கரையில் மகளுக்கோ வலி கண்டுவிட்டது. அப்போது ஈசனே அந்தத் தாயின் வடிவில் வந்து மகப்பேறு பார்த்தார் என்பது தலவரலாறு. கருவுற்ற பெண்கள் சுகப்பிரசவம் வேண்டி இச்சந்நிதிக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு.

இவ்வரலாற்றைக் கேட்போர் எளிதில் கடந்துபோய்விடும் செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது. குழந்தை பிறந்தவுடன் ஈசன் மறைந்துவிடவில்லை. வெள்ளம் வடிந்து, பெற்ற தாய் கரையேறி வரும் வரையில் அந்த வீட்டிலேயே இருந்தார். பிரசவித்த வீட்டில் வெந்நீர் வைக்க வேண்டும். மருந்து இடிக்க வேண்டும். துணி அலச வேண்டும். இரவில் விழித்திருக்க வேண்டும். வரமுடியாத தாயை அவர் கடிந்துகொள்ளவில்லை. தவித்த மகளுக்குப் பொறுமையைப் பற்றி உபதேசிக்கவும் இல்லை. ஆளில்லாத இடத்தில் ஓர் ஆளாக நின்றார்.

அந்த மலையை மொட்டைமாடியிலிருந்து தரிசிக்கக்கூடிய தெருவொன்றில் 56 வயதுப் பெண்மணி ஒருவர் வாழ்கிறார். திருமணமாகி வந்த நாளிலிருந்து பிரதோஷந்தோறும் மலையேறித் தாயுமானவரைச் சேவித்து வந்தவர். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார். வலக்கையும் வலக்காலும் செயலற்றுப் போயின. இரண்டு ஆண்டுகள் கழித்து நினைவும் தடுமாறத் தொடங்கியது. அன்று நின்ற மலையேற்றம் பிறகு தொடரவில்லை.

அவருடைய நாள் விடிவது நான்கரை மணிக்கு. இரவு நனைந்த விரிப்பை மாற்றி, உடல் துடைத்து, முதுகில் படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். ஒரு வாய் விழுங்குவதற்குள் இருமல் வந்தால், உணவு மூச்சுக்குழலில் போய்விட்டதோ என்று நெஞ்சு பதைக்கும். கணவர் அலுவலகம் புறப்படுமுன் தூக்கி உட்காரவைக்க உதவுவார். மகன் பெங்களூரில் இருந்து மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். குடும்பத்தில் எவரும் கைவிட்டுவிடவில்லை. ஆனாலும் பகல் முழுவதும், இரவில் பெரும்பகுதியும் அந்த அறையில் இருப்பவர் அவர் ஒருவர்தாம்.

தொலைபேசியில் பேசும் உறவினர்கள் அனைவரும் அவரைப் புகழ்ந்தார்கள். "நீ புண்ணியவதி, உனக்குக் கோயிலே தேவையில்லை, நீ செய்வதுதான் பூஜை" என்றார்கள். சொன்னவர்களின் உள்ளத்தில் கபடமில்லை. ஆயினும் ஒவ்வொரு முறை அந்தச் சொற்களைக் கேட்ட பின்பும், தமக்கு உதவி வேண்டும் என்று வாய்திறந்து கேட்பது அவருக்கு இன்னும் கடினமாயிற்று. புண்ணியவதி என்று போற்றப்பட்டவர், முதுகு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வார்?

ஓர் இரவு மூன்று மணிக்கு, அன்றைய மூன்றாவது விரிப்பை அவர் மாற்றிக்கொண்டிருந்தபோது, மாமியார் அவருடைய கையைத் தட்டிவிட்டார். "யாரடி நீ? என் வளையலைத் திருடத்தானே வந்திருக்கிறாய்?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாக 'அத்தை' என்று மட்டுமே அழைத்துப் பழகிய நாவிலிருந்து அன்று சுடுசொல் ஒன்று வெளிப்பட்டது. மறுகணமே பூஜையறையில் போய் நின்றார். அதுவரை செய்த பணி முழுவதும் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயிற்று என்றே அவருக்குத் தோன்றியது. அந்தப் பாவ அச்சத்தை அவர் எவரிடமும் சொல்லவில்லை.

நினைவிழப்பு நோய் கண்டவர்கள் பொருள் திருடுபோனதாகக் குற்றஞ்சாட்டுவது அந்நோயின் அறிகுறிகளில் ஒன்று. மூளையில் நிகழும் மாற்றமே அவ்வாறு பேசவைக்கிறது. மருமகள்மீது உள்ள மனக்கசப்பு அன்று. இதை ஒருவர் முன்கூட்டியே எடுத்துரைத்திருந்தால் அந்த இரவின் துயரம் பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் மருத்துவமனையில் நோயாளியின் இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டவர்கள், உடன் வந்தவரிடம் எதையும் கேட்கவில்லை.

பராமரிப்போரின் பாரத்தை அளந்தறிய முற்பட்ட ஆய்வுகளுள் முன்னோடியானது 1980-ல் அமெரிக்காவில் ஸ்டீவன் சாரிட் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. நினைவிழந்த முதியோரைப் பராமரித்த 29 பேரிடம் அவர்கள் வினவினார்கள். நோயாளியின் தொல்லை எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குப் பராமரிப்பவரின் பாரமும் மிகும் என்றே எவரும் எண்ணுவர். விடை அவ்வாறு அமையவில்லை. நோயால் விளைந்த நடத்தைச் சிக்கல்களோடு பாரத்துக்குத் தொடர்பு தெரியவில்லை. மற்ற உறவினர்கள் அந்த வீட்டுக்கு எத்தனை முறை வந்துபோனார்கள் என்பதோடுதான் தொடர்பு தெரிந்தது. அடிக்கடி ஆள் வந்துபோன வீட்டில் பாரம் குறைவாக உணரப்பட்டது. ஆய்வு சிறியதுதான். எனினும் அதிலிருந்து வளர்ந்த வினாத்தாள் இன்று 22 கேள்விகளோடு பல நாடுகளில் பயன்படுகிறது.

நம் நாட்டிலேயே கோவாவில் நடந்து 2008-ல் வெளிவந்த ஆய்வொன்றும் உண்டு. நினைவிழப்பு நோயாளிகள் உள்ள 81 குடும்பங்கள் அதில் சேர்ந்தன. உள்ளூரைச் சேர்ந்த, மருத்துவப் படிப்பில்லாத சாதாரண மக்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்து, ஒரு பகுதிக் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆறு மாத காலம் அனுப்பினார்கள். அவர்கள் நோயின் தன்மையை விளக்கினார்கள். தொல்லைதரும் நடத்தையை எதிர்கொள்ளும் முறையைச் சொன்னார்கள். பராமரிப்பவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். மருத்துவர் பின்னின்று வழிகாட்டினார். முடிவில், அவ்வாறு ஆள் சென்ற வீடுகளில் பராமரிப்போரின் மனநலம் மேம்பட்டிருந்தது. நோய் தீர்ந்துவிடவில்லை, அதைத் தாங்குபவர் சற்று மூச்சுவிட முடிந்தது.

இது ஒரு வீட்டுக் கதையன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் நினைவிழப்பு நோயோடு வாழ்வதாக 2023-ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. பக்கவாதம், புற்றுநோய், எலும்பு முறிவு ஆகியவற்றால் படுத்தவர்கள் இக்கணக்கில் சேரார். 2019-ல் மத்திய அரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, குடும்பத்தினரை ஊதியமின்றிப் பராமரிப்போருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும் ஆண்கள் 76 நிமிடங்களும் அப்பணியில் செலவிடுகிறார்கள். பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அக்கடமையைத் தினந்தோறும் சுமக்கின்ற கைகளுக்கு ஓய்வு தருவது யாருடைய கடமை என்பது இன்னும் வீடுகளின் மௌனத்திலேயே இருக்கிறது.

மலைக்கோட்டைத் தெருவில் அந்த மௌனம் உடைந்தது ஓர் அறுவை சிகிச்சையால். அப்பெண்மணிக்குக் கருப்பையில் கட்டி இருந்தது; இரத்தப்போக்கால் உடல் வெளுத்துவிட்டது. மருத்துவர் குறித்துக்கொடுத்த நாளை அவர் இரண்டு முறை தள்ளிப்போட்டார். அத்தையோடு யார் இருப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்காததே காரணம். இரண்டாவது முறை தள்ளிப்போட்ட செய்தி சென்னையிலிருந்த நாத்தனாருக்குத் தற்செயலாகத் தெரியவந்தது. வாரந்தோறும் தொலைபேசியில் தாயின் நலம் விசாரித்துவந்த அவர், மறுநாள் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"அம்மாவைப் பார்க்க வந்தாயா?" என்று இவர் கேட்டார்.

"இல்லை அண்ணி, உங்களைப் பார்க்க வந்தேன். அம்மாவை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று சொல்லிக்கொடுங்கள்" என்றார் நாத்தனார்.

அவர் மூன்று வாரங்கள் தங்கினார். நான்காம் நாள் இரவிலேயே தாயின் ஏச்சைக் கேட்டு, தாழ்வாரத்தில் நின்று அழுதார். பெற்ற மகளுக்கும் பொறுமை எல்லை கடக்கும் என்பதைக் கண்டபோது, மருமகளின் மனத்தில் ஆண்டுக்கணக்காய் உறுத்திய பாவ அச்சம் தானே தளர்ந்தது. அந்த இரவில் நடந்ததை அவர் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். "இத்தனை நாள் இதைத் தனியாகவா வைத்திருந்தீர்கள் அண்ணி?" என்பது மட்டுமே நாத்தனாரின் மறுமொழி. அறுவை சிகிச்சை நடந்தேறியது. இப்போது மூன்று மாதத்துக்கொருமுறை நாத்தனார் பத்து நாள் வந்து தங்குகிறார். வியாழக்கிழமை மாலைகளில் எதிர்வீட்டுக்காரர் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கிறார். மாமியாரின் நிலையில் மாற்றமில்லை. நாளுக்கு நாள் தளர்ந்தே வருகிறார். வீட்டில் இருவர் மாறிமாறித் தூங்க முடிகிறது என்பதே அடைந்த பயன்.

பராமரிப்போரைப் புகழ்வதற்குப் பலரும் எடுத்தாள்வது பண்டரிபுரத்துப் புண்டலீகனின் சரிதம். தாய் தந்தையருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த அவன், வாசலில் வந்து நின்ற பகவானை வரவேற்க எழவில்லை. ஒரு செங்கல்லை எறிந்து அதன்மேல் நிற்கச் சொன்னான். இடுப்பில் கை வைத்தபடி அவர் காத்து நின்றார், இன்றும் நிற்கிறார். பணிவிடையின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் அச்சரிதத்தில் நடந்து வந்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பணி செய்பவனால் ஆலயத்துக்கு வர இயலாதபோது, ஆண்டவன் அவன் வாசலுக்கு வந்தான். தான் வந்ததற்கு உபசாரத்தையும் எதிர்பார்க்கவில்லை. பணிவிடை செய்பவருக்குப் புண்டலீகன் இலக்கணம் என்றால், அவ்வீட்டுக்குச் செல்பவருக்கு விட்டலனே இலக்கணம்.

அவ்வாறு செல்வோர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில உண்டு. "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதில் பயன் குறைவு. களைத்தவருக்கு எதைக் கேட்பது என்றே தோன்றாது. "வெள்ளிக்கிழமை நான்கிலிருந்து ஆறு வரை நான் இருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று நாளும் பொழுதும் குறித்துச் சொல்வது நலம். நோயாளியை விசாரிக்குமுன் பராமரிப்பவரின் உடல்நலத்தை விசாரிக்க வேண்டும். "புண் வந்துவிட்டதே, சரியாகப் பார்க்கவில்லையா?" என்ற கேள்வி நாவில் எழுந்தால் அதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தொலைவில் இருக்கும் பிள்ளைகள் பணத்தோடு தங்கள் விடுப்பில் சில நாட்களையும் அனுப்புவது முறை.

கேரளத்தில் மலப்புறம் முதலான மாவட்டங்களில், அண்டை அயலார் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரத்தைப் படுத்த படுக்கையானவர்களின் வீடுகளுக்கு அளிக்கும் முறை வேரூன்றியிருக்கிறது. அதன் பயனை உணர்ந்த அம்மாநில அரசு 2008-ல் அதற்கெனக் கொள்கையையே வகுத்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சேவையும் இல்லத்துக்கே வருகின்றன; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். முதியோர் தொடர்பான வழிகாட்டலுக்கு 14567 என்னும் கட்டணமில்லா எண் இருக்கிறது.

ஆலயந்தோறும் அன்பர் குழுக்கள் இருக்கின்றன. உழவாரப் பணிக்குச் செல்வோர், பஜனை பாடுவோர், அன்னதானத்துக்குக் காய் நறுக்குவோர் என அவர்களின் கைகளுக்குப் பணி பழக்கமானது. வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அக்குழுக்களிடம் உண்டு. வந்துகொண்டிருந்து நின்றுபோனவர்களின் பட்டியல் ஒன்றையும் அவர்கள் எழுதிவைத்துக்கொள்ளலாம். அடுத்த பிரதோஷத்தன்று அபிஷேகம் முடிந்த பிறகு, அப்பட்டியலில் உள்ள ஒரு வீட்டுக்கு இருவர் பிரசாதத்தோடு செல்லட்டும். ஒருவர் நோயாளியின் அருகே அமரட்டும். மற்றவர் பராமரிப்பவரை அழைத்துக்கொண்டு, நடை சாத்துமுன் சந்நிதிக்கு வரட்டும்.