திரும்பி வர வேண்டியவை

இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைப் படம் பிடிக்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். வரட்டும், தப்பில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் தடத்தை 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு இங்கேதான் தொடங்கிவைத்தார். ஜூலை முதல் தேதியிலிருந்து வாலாஜா வரை வண்டி ஓடியது. 1873ல் சென்ட்ரல் வந்த பிறகு ஊரின் தலைவாசல் அந்தப் பக்கம் மாறிவிட்டது. இராயபுரத்துக்கு மிஞ்சியவை சரக்கு வண்டிகளும், கடற்கரையிலிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற புறநகர் வண்டிகளும், அந்தத் தூண்களும்தான்.

என் பெரியம்மாவுக்குத் தூண்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. "எல்லாரும் தூணைப் புடிக்கிறாங்க, எண்ணூர் வண்டி எத்தினி மணிக்குன்னு ஒருத்தன் கேக்கறதில்ல" என்பார். பிறந்தது இராயபுரத்தில். வேலை பார்த்தது தண்டையார்பேட்டைக்கும் எண்ணூருக்கும் நடுவே இருக்கிற அரசுக் கிளை நூலகங்களில். வாழ்க்கைப்பட்டது ஒரு பட்டாளத்துக்காரருக்கு. இப்போது பேரன் பேத்திகளோடு கத்திவாக்கத்தில் இருக்கிறார். இராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். ஏறக்குறைய எண்பது வருஷம் இந்த ஒன்பது நிறுத்தங்களுக்குள் அடங்கிவிட்டது. இராணுவத்தான் பெண்டாட்டி என்றால் ஜம்மு, அசாம் என்று ஊர் ஊராகப் போயிருப்பார் என்று நினைப்போம். ஊர் ஊராகப் போனது பெரியப்பா மட்டும்தான்.

பெரியம்மா வளர்ந்த தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் பார்சிகளின் அக்னி கோயில் இருக்கிறது. பிரோஜ் கிளப்வாலா என்பவர், இறந்துபோன தன் மகன் ஜால் நினைவாகக் கட்டி 1910ல் திறந்தது. தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு இருக்கும் ஒரே கோயில் அதுதான். கிளப்வாலா என்ற பெயரைச் சென்னை மறக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. மேரி கிளப்வாலா. 1909ல் உதகமண்டலத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் நோகி கிளப்வாலாவை மணந்தவர். 1935ல் கணவர் இறந்தபோது கையில் ஒரே பையன். வீட்டுக்குள் முடங்காமல் கில்டு ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பின் வேலைகளில் இறங்கினார்.

1942ல் சென்னை நடுங்கிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்று ஏப்ரலில் ஊரே காலியானது. அதற்கு 28 வருஷம் முன்னால், 1914 செப்டம்பரில், எம்டன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள். பயம் எங்கிருந்தோ வந்ததல்ல. மூட்டை கட்டியவர்கள் ஒரு பக்கம் போக, எதிர்ப்பக்கத்திலிருந்து சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காக மேரி இந்திய உபசரணைக் குழுவைத் தொடங்கினார். எல்லாச் சாதி மதத்துப் பெண்களும் சேர்ந்து நடமாடும் கேன்டீன் ஓட்டினார்கள், ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைப் போய்ப் பார்த்தார்கள். பர்மாவில் வென்று திரும்பிய பதினான்காம் படை நன்றிக்கடனாக ஒரு ஜப்பானிய வாளை அவருக்குக் கொடுத்தது. இராணுவத்தின் செல்லம் என்று தளபதி கரியப்பா பட்டமே சூட்டினார்.

இத்தனைக்கும் அப்போது அவர் பட்டாளத்துக்காரர் மனைவி இல்லை. பிறகுதான் மேஜர் சந்திரகாந்த் ஜாதவை மணந்து மேரி கிளப்வாலா ஜாதவ் ஆனார். 1952ல் சென்னை சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் மூன்றும் வாங்கி 1975ல் காலமானார். நான் இதையெல்லாம் படித்துச் சொன்னபோது பெரியம்மா பொறுமையாகக் கேட்டார். "பெரிய மனுசி. வாளு குடுத்தாங்க. எனக்கு கேன்டீன் கார்டு குடுத்தாங்க." பொறாமையாகச் சொல்லவில்லை. இராணுவக் கேன்டீன் கார்டில் பிரஷர் குக்கர் மலிவு. வாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது நியாயமான கேள்விதான்.

கொருக்குப்பேட்டை தாண்டினால் தண்டவாளங்கள் பிரிந்து பிரிந்து விரிகின்றன. தண்டையார்பேட்டை யார்டில் எண்ணெய் டாங்கர்கள், நிலக்கரிப் பெட்டிகள், கண்டெய்னர்கள். இங்கே எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. எத்தனை டன் வந்தது, எத்தனை டன் போனது. ஆனால் போனது திரும்பி வராது. துறைமுகத்தை நம்பியிருக்கிற ஊரின் கணக்கு அப்படித்தான். பெரியம்மா வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கணக்கு வேறு மாதிரி இருந்தது. அங்கே போனது எல்லாம் திரும்பி வந்தாக வேண்டும்.

1948ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழி ரங்கநாதன். பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924ல் பல்கலைக்கழக நூலகராகி, நூல் அடுக்கும் வேலையை ஒரு சாஸ்திரமாக்கியவர். நூலகத்துக்கான பணத்தைச் சட்டம் வீட்டு வரியில் வைத்தது. வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகும். இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. கொருக்குப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர் கொடுக்கிற வாடகைக்குள்ளும் அந்தக் காசு ஒளிந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நூலகத்தின் பங்குதாரர்தான். இதைப் பெரியம்மா அடிக்கடி சொல்லி, உள்ளே வரத் தயங்கி நிற்கும் பெண்களைக் கையைப் பிடித்து இழுத்து வருவார். "உன் காசுதாண்டி இது, வந்து ஃபேன் காத்தாவது வாங்கிக்கோ."

அவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து நூலகச் சான்றிதழ் படிப்புப் படித்தவர். பொது நூலகத் துறைக்கு 1972ல் தனி இயக்ககம் வந்த காலத்தையொட்டி வேலையில் சேர்ந்தார். பெரியப்பா அப்போது மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் டிசம்பரே 1971 டிசம்பர். போர் பதின்மூன்று நாளில் முடிந்துவிட்டது, கடிதம் வர அதைவிட அதிக நாள் ஆனது. கடிதத்தில் ஊர் பேர் இருக்காது. கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். பனியா, பாலைவனமா, காடா என்று உள்ளே எழுதியிருப்பதை வைத்து இவராகத்தான் ஊகிக்க வேண்டும். அதற்காகவே அட்லஸ் பார்க்க நூலகத்துக்குப் போனவர், பிறகு அங்கேயே உத்தியோகத்துக்கு மனு போட்டார். இது நான் சேர்த்துச் சொல்லும் அலங்காரம் இல்லை, அவர் வாயால் சொன்னது. ஆனால் சம்பளமும் ஒரு காரணம் என்று கூடவே சொன்னதை நான் விட்டுவிடக் கூடாது.

திருவொற்றியூரில் வண்டி கொஞ்சம் காலியாகிறது. சிவன் கோயிலுக்கு இறங்குகிறவர்கள் வடிவுடையம்மனைப் பார்க்க வந்தவர்கள். சுந்தரர் சங்கிலியாரைக் கைப்பிடித்த தலம் இது. பட்டினத்தார் அடங்கியது இந்தக் கடற்கரையில். சோழர் காலத்தில் இக்கோயிலில் இலக்கணம் பாடம் சொல்ல ஒரு மண்டபமே இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. வடசென்னை என்றாலே ரவுடியும் கானாவும் என்று சினிமா எடுப்பவர்கள் இந்தக் கல்வெட்டுப் பக்கம் வருவதில்லை.

கோயிலைச் சுற்றி எழுந்ததோ வேறு உலகம். 1946ல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். டயர். எல்லைக் காவலுக்கு இராணுவம் என்ஃபீல்டு புல்லட் கேட்டதால் 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த வண்டியை இங்கேயே செய்யக் கூட்டுச் சேர்ந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பெரியப்பா எந்த எல்லையில் இருந்தாலும் அவருக்கு முன்னால் போன வண்டி இந்தத் தெருவில் பூட்டி முடுக்கியது. விம்கோவில் தீப்பெட்டி, எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சங்கு ஊதும். காலை ஷிஃப்டு முடிந்து வருகிறவர் நேராக நூலகத்துக்கு வந்து தினத்தந்தியை விரித்து வைத்துக்கொண்டு தூங்குவார். பெரியம்மா எழுப்ப மாட்டார். பேப்பர் கேட்டு அடுத்த ஆள் வந்தால் மட்டும் மெல்ல உருவிக் கொடுப்பார்.

புத்தகம் எடுத்துப்போனது பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பெண்கள். லட்சுமி, சிவசங்கரி, ரமணிசந்திரன் நாவல்கள். சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, பின்னட்டையில் தேதிச் சீட்டு ஒட்டினால் அந்தப் புத்தகம் பெரியம்மாவின் பொறுப்பு. இருப்புச் சரிபார்க்க வரும்போது ஒரு புத்தகம் குறைந்தாலும் நூலகர் கைக்காசிலிருந்து கட்ட வேண்டி வரும். இந்தப் பயத்தில் பல நூலகர்கள் புத்தகத்தைப் பூட்டி வைத்துவிடுவார்கள். பெரியம்மா அப்படிச் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை நூலக விடுமுறையில் கையில் ஒரு பையோடு வீடு வீடாகப் போய்த் தவணை தாண்டிய புத்தகங்களை வாங்கி வருவார். போன இடத்தில் குழம்பு கொதிக்கும், சண்டை நடக்கும், குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும். கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தைக் கேட்பார். மேரி கிளப்வாலா தன் பள்ளியில் சமூகப்பணி என்று பாடமாக்கியதைத்தான் இவர் பாக்கி வசூல் என்ற பேரில் செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும். அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

பெரியப்பா வருஷத்துக்கு ஒரு முறை அறுபது நாள் லீவில் வருவார். அந்த இரண்டு மாதமும் வீட்டில் அதிகாரம் யாருக்கு என்பதில் சிக்கல் வரும். பத்து மாதம் ரேஷன், ஸ்கூல் ஃபீஸ், மாமியார் மருந்து எல்லாம் தனியாகப் பார்த்தவரிடம் வந்து, வாளியை ஏன் இங்கே வைத்தாய் என்று ஒருவர் கேட்டால் என்ன ஆகும். பட்டாளத்து வீடுகளில் பிரிவுத் துயரம் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். திரும்பி வந்தவரோடு குடித்தனம் பண்ணுவதுதான் கடினம் என்று பெரியம்மா அடித்துச் சொல்வார். பென்ஷனில் வந்த பிறகு பெரியப்பா ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்தார். இருவரும் சமாதானமானது, அவர் நூலகப் புத்தகங்களுக்கு பைண்டிங் போடக் கற்றுக்கொண்ட பிறகுதான். அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நவம்பர் மாதம் குடும்ப ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கக் கைரேகை வைக்கிறார் பெரியம்மா. முத்திரை குத்திக் குத்தித் தேய்ந்ததோ என்னவோ, அவர் கட்டைவிரல் ரேகை முதல் தடவையில் விழுந்ததே இல்லை.

விம்கோ நகரில் சொல்ல அதிகம் இல்லை. தீப்பெட்டி போய்விட்டது, 2021ல் மெட்ரோ வந்தது.

கத்திவாக்கத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் கடல். முன்பு இன்னும் தூரம் நடக்க வேண்டியிருந்தது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. துறைமுகச் சுவர் குறுக்கே நின்று மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. மீனவர் தெருக்கள் போயின. கல் கொட்டி, தூண்டில் வளைவு போட்டுத் தடுக்கிறார்கள். நகரம் காற்று வாங்குகிற மணலில் ஒரு பங்கு வடக்கே வர வேண்டியது என்பதை மெரினாவில் சுண்டல் தின்கிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் கொசஸ்தலையாறு கடலைச் சேர்கிறது. 1970ல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017ல் மூடப்பட்டது. அதற்குள் வடக்கே அத்திப்பட்டில் அதைவிடப் பெரியது வந்துவிட்டது. சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கலந்த எண்ணெய், அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நடுராத்திரி அம்மோனியாக் கசிவு. அன்று இரவு எண்ணூர்க்காரர்கள் கிடைத்த வண்டியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரியம்மாவும் பேத்தியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து திருவொற்றியூர் வரை போனார். கையில் எடுத்துக்கொண்டது பென்ஷன் புத்தகமும் ஈரத்துணியும்.

அந்தப் பேத்தி இப்போது குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறாள். தினமும் கிளை நூலகம் போகிறாள். இப்போது இந்தத் தடத்தின் நூலகங்களில் நாற்காலிகளைப் பிடித்திருப்பவர்கள் அவளைப் போன்றவர்கள்தான். நாவல் அடுக்குப் பக்கம் ஆள் குறைவு. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. பெரியம்மாவுக்கு இல்லை. அவருடைய கவலை வேறு.

"கைடு புக்கை மட்டும் வெளில குடுக்கக் கூடாது கண்ணு. பாஸ் பண்ணவன் போஸ்டிங் வாங்கிட்டுப் போயிடுவான். ஃபெயிலானவன் வெக்கப்பட்டு வரமாட்டான்."

"அப்ப என்ன பண்றது பெரிம்மா?"

"அட்ரஸ் வாங்கி வெச்சுக்கணும். வெள்ளிக்கெழம போயி கேக்கணும்." பேத்தியைப் பார்த்தார். "நீ எடுத்தது எத்தினியாந் தேதி தவணை?"