ரப்பர் பிடிக்கிற பிடி

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி நாலு மணி நேரத்தில் துபாய். பாலைவனம் என்றால் எந்நேரமும் கொதிக்கும் என்றுதான் குலசேகரத்துக்காரன் எவனும் நினைப்பான். வெளியே வந்தால் குளிர்! ஜனவரி ராத்திரியில் 15 டிகிரிக்குப் பக்கம் இறங்கிவிடுகிறது. நம்மூர் மார்கழியில்கூட நான் இப்படிப் போர்த்திக்கொண்டு நின்றதில்லை.

அங்கே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் மைத்துனன் என்னை நேரே மோட்டார் சிட்டிக்குக் கூட்டிப் போனான். துபாய் ஆட்டோட்ரோம் பந்தயத் தடம் அங்கேதான். 2025 ஜனவரி 11, 12 தேதிகளில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம். நடிகர் அஜித்குமார் சொந்த அணியை இறக்கியிருந்தார். அதனால் வாசலிலிருந்தே தமிழ்க் குரல்தான். விசில், கைதட்டல், கொடி! கடல் கடந்து வந்த உணர்வே போய்விட்டது. ஒரு கையில் ஏலக்காய் மணக்கும் கரக் சாயா, மறு கையில் ஷவர்மா. காற்றில் பெட்ரோலும் ரப்பரும் கலந்த வாடை.

அந்த ரப்பர் வாடைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. விடியுமுன் பால் வெட்டி, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்துப் புகையில் உலர்த்துகிற ஊரில் பிறந்தவன் நான். ரப்பரின் எல்லா மணமும் தெரியும் என்றிருந்தேன். இந்தக் காந்தல் மணம் தெரியாது.

நேர்தடம் முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் போய் நின்றோம். ஐயோ, அந்த வேகம்! 200-ஐத் தாண்டிய வேகத்தில் வருகிறது போர்ஷே. இனி நிற்காது, சுவரில்தான் முட்டும் என்று என் கால் தானாகவே தரையை அழுத்துகிறது. கடைசி நொடியில் மூக்கைத் தாழ்த்தி, அடங்கி, வளைவுக்குள் புகுந்து போய்விடுகிறது. அடுத்தது. அதற்கடுத்தது. விடிய விடிய இதேதான்.

“பிரேக் அவ்வளவு பெருசா மக்கா?” என்றேன்.

“பிரேக்கு சக்கரத்தைத்தான் பிடிக்கும் அத்தான். வண்டியை நிறுத்துறது டயருல்லா!”

வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நாலு மடங்கு ஆகும் என்றான். 50-ல் 12 மீட்டரில் நிற்கிற கார் 100-ல் 48 மீட்டர் ஓடித்தான் நிற்கும். அதிலும் காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு நொடி ஆனால், அதற்குள்ளேயே 28 மீட்டர் பறிபோகிறது! எடை கூடினால் தூரமும் அதே அளவு கூடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். எடை கூடும்போது டயர் தரையை அழுத்துவதும் கூடுகிறது. கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. கூடுவது சூடு. 1,260 கிலோ எடையுள்ள போர்ஷே 911 ஜிடி3 கப் கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால், பிறக்கும் சூட்டில் ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதுவும் நாலைந்து நொடிக்குள்!

இருட்டியதும் அந்தச் சூட்டைக் கண்ணாலேயே பார்த்தேன். வளைவை நெருங்கும் ஒவ்வொரு காரின் சக்கரத்துக்குள்ளும் பிரேக் டிஸ்க் கொல்லன் உலைக் கரியாகச் சிவந்து, மெல்ல மங்கியது. பெரிய டிஸ்க்கும் காற்றுக் குழாயும் எதற்கென்று அப்போதுதான் பிடிபட்டது. ஒரே ஒரு தடவை நிற்பதற்கு அவ்வளவு தேவையில்லை. நூறாவது தடவையும் முதல் தடவை போலவே நிற்க வேண்டுமே, அதற்குத்தான். டயரின் பிடிக்கோ, காரின் பின்னால் இருக்கிற இறக்கை, வேகம் கூடக் கூடக் காற்றைக் கொண்டே வண்டியைத் தரையில் அழுத்துகிறது. எடை கூட்டாமல் பிடியை மட்டும் கூட்டும் வித்தை! 1978-ல் பென்ஸ் காரில் வந்த ஏபிஎஸ் காப்பதும் இதே பிடியைத்தான். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல், பிடி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறது.

காலையில் பிட் பக்கம் கழற்றிப் போட்டிருந்த டயர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். பட்டனே இல்லாத வழுவழுப்பு. இன்னும் சூடு ஆறவில்லை. நகத்தால் அழுத்தினேன், தடம் விழுந்து அப்படியே நின்றது. பொடிக் கல்லும் ரப்பர்த் துணுக்குமாக அப்பியிருந்தது. விரலை எடுத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது, நம்ம ஒட்டுப்பால் மாதிரியே! இதில் செயற்கை ரப்பர்தான் கூடுதல்; மரத்துப் பாலுக்கு விமான டயரிலும் லாரி டயரிலும்தான் பெரிய இடம். இருந்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. குளிர்ந்து கிடந்தால் இதே டயர் பிடிக்காது. 80, 90 டிகிரிக்கு ஏறினால்தான் சாலையைக் கவ்வும். மழை பெய்தால் இந்த வழுவழுப்பு தண்ணீர்மேல் மிதந்துவிடும்.

அஜித் அணி, இந்த ஜிடி3 கப் கார்கள் ஓடும் 992 பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது. தேசியக் கொடியோடு அவர் ஓடி வந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் அழுதார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அந்தப் பிடி நம்மூர் ரோட்டிலும் வேண்டும். நம்ம குலசேகரம் பக்கம் இடவப்பாதியும் பெய்யும், ஐப்பசியும் பெய்யும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், காய்ந்த ரோட்டில் 18 மீட்டரில் நின்றால், நனைந்த ரோட்டில் நல்ல டயரோடுகூட 25-க்கு மேல் போகும். மொட்டை டயர் என்றால் சொல்லவே வேண்டாம். மழை பிடிக்குமுன் உங்கள் வண்டி டயரைக் கையால் தடவிப் பாருங்கள். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.