வித்தால் காசு, விற்காவிட்டால் சாறு

எலுமிச்சைக்கு இரண்டு காலங்கள் உண்டு. ஒன்று, ஊரார் அதைத் தேடும் காலம். மற்றொன்று, அது ஊராரைத் தேடும் காலம். சித்திரை வெயிலில் ஒரு பழம் வாங்கவும் கை தயங்கும். 2022-ஆம் ஆண்டுக் கோடையில் பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியதை யாரே மறப்பர்? அதே பழம் மழைக்காலத்தில் மூடை மூடையாகக் குவிந்து, பறித்த கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் போவதும் உண்டு.

எலுமிச்சைக்குப் பெயர்போன புளியங்குடிக்கு அருகே உள்ள சிற்றூர் எங்களுடையது. ஓர் ஐப்பசியில் கமிஷன் கடையில் சொன்ன விலையைக் கேட்டு, அப்பா மூடைகளை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். திண்ணையில் அமர்ந்தவர் வாய் திறக்கவில்லை. என் கல்லூரிக் கட்டணம் அந்த மூடைகளுக்குள்தான் இருந்தது. ஆச்சிதான் மௌனத்தைக் கலைத்தாள்: "வித்தா காசு, விக்காட்டா சாறு. எந்திரிச்சுப் போயி சீனி வாங்கிட்டு வாய்யா."

அடிபட்ட பழங்களை ஒதுக்கி, நல்லவற்றில் அரை மூடையைச் சாற்றுக்கு எடுத்தோம். மற்றவை ஊறுகாய்க்குப் போயின. ஆச்சியின் கணக்கு எளியது: ஒரு லிட்டர் சாற்றுக்கு 2 கிலோ சீனி, ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் சாற்றுக்கு ஐம்பது அறுபது பழம் வேண்டும். சீனியைத் தண்ணீரில் காய்ச்சி, பொங்கும் அழுக்கு நுரையை எடுத்து, பாகை நன்றாக ஆறவிட வேண்டும். ஆறிய பின்பே வடிகட்டிய சாற்றை அதில் சேர்க்கலாம். சாறு அடுப்பைக் காணக்கூடாது. பித்தளைப் பாத்திரத்தைத் தொடக்கூடாது. பழத்தை ஒட்டப் பிழியவும் கூடாது. இவை மூன்றும் ஆச்சியின் சட்டங்கள்.

இச்சட்டங்களுக்கான காரணங்களை நான் வேதியியல் வகுப்பில் கண்டேன். ஒட்டப் பிழிந்தால் விதையும் வெண்தோலும் கசப்பை இறக்கிவிடும். புளிப்பு அமிலம் செம்பைக் கரைக்கும். செம்பும் வெப்பமும் வைட்டமின் சி-யை அழிக்கும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயுற்ற மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அவர்களைத் தேற்றினார். ஆனால் கப்பலில் நெடுநாள் வைத்திருப்பதற்காகச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைக்குமாறு அவரே பின்னர் எழுதினார். அதில் மருந்தின் வீரியம் பெரிதும் போயிற்று! 1867-இல் ஸ்காட்லாந்தின் லாக்லன் ரோஸ் என்பவர் சாராயம் சேர்க்காமல் எலுமிச்சைச் சாற்றைக் கெடாது காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சீனி சேர்த்து அவர் விற்ற அந்தப் பானமே உலகறிந்த 'கார்டியல்' ஆயிற்று.

சீனி எப்படிக் காக்கிறது? சவ்வூடு பரவலால் நுண்ணுயிரின் உடல்நீரை அது உறிஞ்சிவிடுகிறது. புளிப்பும் துணை நிற்கிறது. எனினும் கோடைவரை வெளியில் வைத்திருக்க அவை போதா. லிட்டருக்கு 0.6 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சேர்க்க வேண்டும். இதைக் கைக்கணக்கில் போடலாகாது. தராசில் நிறுத்தே போட வேண்டும். இழைப்பு நோய் உடையவர்களுக்கு அது ஆகாது. என் தம்பிக்கு அந்நோய் உண்டு. ஆகவே வீட்டுக்கான புட்டிகளில் அதைச் சேர்க்காமல் குளிர்பெட்டியில் வைத்து விரைவில் முடித்தோம். கொதிநீரில் இட்டு உலர்த்திய புட்டிகளில் ஊற்றிச் சில நாள் அசையாது வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மெல்ல வேறு புட்டிக்கு மாற்றினால் பொன்னிறச் சர்பத்து!

ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளிர்ந்த நீரோ சோடாவோ சேர்த்துப் பருகலாம். நறுக்கிய பப்பாளிமீதும், குளிர்ந்த கடற்பாசி மீதும் ஒரு கரண்டி ஊற்றினால் விருந்துப் பண்டமாகும். பாலோடு மட்டும் சேர்க்கலாகாது, திரிந்துவிடும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, பங்குனியில் நாற்பது புட்டிகளை விற்றார் அப்பா. மழைக்கால இழப்பு முழுவதும் ஈடாகிவிடவில்லை. ஆயினும் என் கட்டணம் கட்டப்பட்டது. விலை சொல்லும் உரிமையை ஒருமுறையாவது அப்பா தம் வாயால் அனுபவித்தார்.

அன்பு நண்பர்களே! விளைவிப்பவனுக்குக் காக்கவும் தெரிந்தால், மலிந்த காலத்தில் அவன் பிறரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஆய்வகத்தில் நாம் பிடிக்கும் தராசு, மதிப்பெண்ணோடு நம் வீட்டு மூடைகளுக்கும் பயன்படுமானால், கற்ற கல்விக்கு அதைவிடப் பெருமை வேறு உண்டோ?

– மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)