பங்காளி இல்லாத பந்தயம்

அமெரிக்காவில் ‘பிக் டென்’ என்று ஒரு காலேஜ் ஃபுட்பால் கூட்டணி இருக்கிறது. டென் என்றால் பத்து. அதில் எத்தனை அணிகள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 18! ‘பிக் ட்வெல்வ்’ என்று இன்னொன்று. அதில் 16. கணக்கு வாத்தியார்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் டல்லாஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். லீவுக்குச் சேந்தமங்கலம் வந்தால் இரண்டு நாள் தூங்குவான். மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து, “மாமா, இந்த சீசன் எங்க டீம் எப்படின்னா...” என்று ஆரம்பித்துவிடுவான். அவன் சொல்கிற ஃபுட்பால் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. முட்டை மாதிரி நீண்ட பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரே வருகிறவனை இடித்துத் தள்ளிவிட்டு ஓடுவது. (நாமக்கல் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு முட்டை வடிவத்தை விளக்கத் தேவையில்லை.)

அங்கே நூற்றுக்கணக்கான காலேஜ்கள் ஆடுகின்றன. எல்லோரும் எல்லோரோடும் ஆட முடியாது. அதனால் பக்கத்துப் பக்கத்துக் காலேஜ்களாகச் சேர்ந்து ஆளுக்கொரு ‘கான்ஃபரன்ஸ்’ வைத்துக்கொண்டார்கள். பசிபிக் கடலோரத்துக் காலேஜ்கள் 1915லேயே அப்படிக் கூடிவிட்டன. வருஷா வருஷம் அதே முகங்கள், அதே பகை. நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய அந்தக் குடும்பம் 2024ல் கலைந்தது. 12 பேரில் 10 பேர் கிளம்பிவிட்டார்கள். காரணம் வேறென்ன, டிவிக்காரர்கள் கொடுக்கிற பணம்தான்.

அதில் பசிபிக் பக்கம் இருக்கிற ஸ்டான்ஃபோர்ட் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? ‘அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்’. சேந்தமங்கலத்துக்காரன் தூத்துக்குடி மீனவர் சங்கத்தில் சந்தா கட்டின கதை!

டெக்ஸாஸ் கதை இன்னும் சுவாரசியம். டெக்ஸாஸ் யுனிவர்சிட்டியும் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் காலேஜும் 1894ல் மோத ஆரம்பித்தவை. 2011ம் வருஷ ஆட்டத்தோடு ஏ அண்ட் எம் வேறு கூட்டணிக்குப் போய்விட்டது. மேட்ச் நின்றுபோச்சு. என் அக்கா மகன் ஆஸ்டினில் எம்.எஸ். படித்த காலம் முழுக்க அந்த மேட்ச் நடக்கவே இல்லை. ஆனால் ஒருவரை ஒருவர் சீண்டுகிற பாட்டை மட்டும் இரண்டு பக்கமும் விடாமல் பாடிக்கொண்டிருந்தார்களாம். டெக்ஸாஸும் அதே கூட்டணிக்குப் போன பிறகு, 2024 நவம்பர் 30ம் தேதிதான் மறுபடி மோதினார்கள். டெக்ஸாஸ் 17, ஏ அண்ட் எம் 7. “ஜெயிச்சது பெரிசில்ல மாமா. அவங்களை ஜெயிச்சோம் பாருங்க, அதான்” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் ரஞ்சி ட்ராபி ரசிகன்.

சிரிக்காதீர்கள். ஐ.பி.எல். இருக்கிற காலத்தில் ரஞ்சி பார்க்கிறவனைக் கிராமபோன் தட்டு சேர்க்கிறவன் மாதிரிதான் பார்க்கிறார்கள். ஆனால் இந்தப் போட்டியின் முதல் மேட்ச்சே பங்காளிச் சண்டைதான். 1934 நவம்பர் 4ம் தேதி, சேப்பாக்கம். மெட்ராஸும் மைசூரும். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, ஒரே நாளில் மேட்ச் முடிந்து மைசூர்க்காரர்கள் மூட்டை கட்டினார்கள். அதற்கப்புறம் 2001-02 சீசன் வரைக்கும் மண்டல வாரியாகத்தான் ரஞ்சி. தென்மண்டலத்தில் நாம், கர்நாடகம், ஹைதராபாத், ஆந்திரா, கேரளா, கோவா. யாரோடு ஆடுவோம் என்று பட்டியல் பார்க்கவே வேண்டாம். அடுத்த வீட்டுக்காரனோடு ஆடுவோம், அவ்வளவுதான்.

நான் நாமக்கல்லில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை பார்த்தேன். பெங்களூர் புக்கிங் ஆபீஸில் ஒரு நண்பர். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். முகம் பார்க்காமல் ஏழெட்டு வருஷம் போனிலேயே பழகினோம். லோடு விவரமெல்லாம் சொல்லி முடித்ததும், “அப்புறம் சார், உங்க டீம் என்ன ஆச்சு?” என்பார். எங்களுக்குள் ஒரு பந்தயம். தமிழ்நாடு ஜெயித்தால் அங்கிருந்து மைசூர்பாகு வர வேண்டும். கர்நாடகம் ஜெயித்தால் இங்கிருந்து ஒரு தார் கொல்லிமலை வாழைப்பழம் போக வேண்டும். டிரைவர்கள்தான் தூது. மைசூர்பாகு வந்தபோதெல்லாம் பாதிப் பெட்டிதான் வந்து சேர்ந்தது என்பது வேறு விஷயம்.

1995-96 ஃபைனல் நம் சேப்பாக்கத்திலேயே நடந்தது. கர்நாடகம் 620 ரன் அடித்து, முதல் இன்னிங்ஸ் லீடில் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. அந்த வருஷம் இரண்டு தார் அனுப்பினேன். 2015 மார்ச்சில் வாங்கடே மைதானத்தில் இன்னொரு ஃபைனல். கருண் நாயர் என்கிற ஒரே ஆள் 328. நாம் இன்னிங்ஸ் தோல்வி. அந்த சீசன் முடிவில் கர்நாடகத்துக்கு 8 கோப்பை. நமக்கு 1954-55லும் 1987-88லும் கிடைத்த இரண்டே இரண்டு. மொத்தத்தில் கொல்லிமலை காலியானதுதான் மிச்சம்!

2002-03ல் மண்டலத்தைத் தூக்கிவிட்டு எலைட், பிளேட் என்று பிரித்தார்கள். அதற்குப் பிறகு சூப்பர் லீக், ஏ, பி, சி என்று என்னென்னவோ பெயர். நியாயமாகப் பேசினால் காரணம் இருக்கிறது. ஒரு மண்டலத்தில் பலசாலிகள் முட்டி மோதி வெளியே போவார்கள். இன்னொரு மண்டலத்தில் சுமாரான அணி சுலபமாக மேலே வரும். 2018-19ல் வடகிழக்கு மாநிலங்கள், பீகார், புதுச்சேரி என்று 9 அணிகள் புதிதாகச் சேர்ந்தன. 2024-25ல் மொத்தம் 38 அணிகள். தரத்தைப் பார்த்துப் பிரிப்பதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் பிரித்ததில் யார் யாரோடு வருவார்கள் என்பது குலுக்கல் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. கர்நாடகம் நம் குரூப்பில் விழுந்தால் தீபாவளி. விழாவிட்டால் சும்மா ஒரு அமாவாசை.

விழுந்த வருஷங்களைச் சொல்கிறேன், கேளுங்கள். 2019 டிசம்பரில் திண்டுக்கல், என்.பி.ஆர். காலேஜ் மைதானம். கடைசி நாள் பார்க்க நாமக்கல், கரூர் வழியாக பஸ் பிடித்துப் போனேன். நமக்கு 181 ரன் வேண்டும். அடித்துவிடுவோம் என்றுதான் பக்கத்தில் இருந்த எல்லோரும் சொன்னார்கள். கௌதம் என்கிற ஆஃப் ஸ்பின்னர் 8 விக்கெட் எடுத்தார். மேட்ச்சில் மொத்தம் 14. மாலையில் 26 ரன்னில் தோற்றோம். திரும்பி வரும்போது கரூர் பஸ் ஸ்டாண்டில் போன் அடித்தது. யார் என்று சொல்ல வேண்டுமா? “பழம் மட்டும் நல்லா பழுத்ததா அனுப்புங்க சார்.”

2024 பிப்ரவரியில் சேப்பாக்கம். 355 ரன் வேண்டும். முதல் இன்னிங்ஸில் 151க்குச் சுருண்ட அணி, இரண்டாவதில் 8 விக்கெட்டுக்கு 338 வரை போய் நின்றது. 17 ரன் பாக்கி, 2 விக்கெட் பாக்கி, டைம் இல்லை. டிரா. அன்றைக்குப் போனில் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு பேரும் ரிட்டயர்டு. லோடும் கிடையாது, லாரியும் கிடையாது. கிரிக்கெட் மட்டும்தான் பாக்கி.

அடுத்த சீசன், 2024-25. நம் குரூப்பில் சௌராஷ்டிரா, டெல்லி, ரயில்வேஸ், அஸ்ஸாம், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், சண்டிகர். ஏழு பேரில் தென்னாட்டு அணி ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்த 2025-26லும் கர்நாடகம் வேறு குரூப். நமக்குக் கிடைத்த தென்னாட்டு உறவு ஆந்திரா மட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த 2025 ஜனவரியில் எங்கள் பக்கத்திலேயே ஒரு ரஞ்சி மேட்ச் நடந்தது. வாழப்பாடியில் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம். சேந்தமங்கலத்திலிருந்து ராசிபுரம் வழியாகப் போய்விடலாம். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்கு ஆடின பிறகு இந்தப் பக்கத்துப் பையன்களுக்குக் கிரிக்கெட் என்றால் டென்னிஸ் பால் மட்டுமில்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். நல்ல வெயில், நல்ல பிட்ச். தமிழ்நாடு சண்டிகரை 209 ரன்னில் தோற்கடித்தது. மனசு நிறைந்துதான் வந்தது. பெங்களூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “சண்டிகரா? சந்தோஷம் சார்” என்றார். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. நான் ஜெயித்ததில் அவருக்கு வலிக்கவே இல்லை. அவருக்கு வலிக்கவில்லை என்றால் எனக்கு எதற்கு மைசூர்பாகு?

கிரிக்கெட் போர்டுக்கு இது புரியாமலில்லை. துலீப் ட்ராபியை 2024ல் ஏ அணி, பி அணி, சி அணி, டி அணி என்று ஆடவிட்டார்கள். சி அணிக்காக எந்த ஊர்க்காரன் கை தட்டுவான்? அடுத்த வருஷமே மண்டலத்துக்குத் திரும்பிவிட்டார்கள். 2025 செப்டம்பர் ஃபைனலில் நம் தென்மண்டலம் மத்திய மண்டலத்திடம் தோற்றது. தோற்றாலும் ‘நம்ம’ என்று சொல்ல ஓர் அணி இருந்தது.

எனக்கு மண்டலம் முழுசாகத் திரும்பி வர வேண்டாம். அமெரிக்காவில் குட்டையைக் குழப்பினவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்கிறான் அக்கா மகன். டெக்ஸாஸ் இருக்கிற கூட்டணியில், 2026லிருந்து ஒவ்வொரு அணிக்கும் மூன்று எதிரிகள் நிரந்தரம். மற்ற மேட்ச்கள் எப்படி மாறினாலும் அந்த மூன்று மாறாது. டெக்ஸாஸுக்கு வாய்த்த மூவரில் ஏ அண்ட் எம்மும் உண்டு. ரஞ்சிக்கு மூன்றுகூட வேண்டாம். ஒன்று போதும். எந்த குரூப்பில் இருந்தாலும் தமிழ்நாடு - கர்நாடகம், மும்பை - பரோடா, பெங்கால் - ஒடிஷா என்று சீசனுக்கு ஒரு மேட்ச். ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. நாலு நாள்தான் செலவு.

பெங்களூர் நண்பரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் முதல் மேட்ச் சின்னசாமி ஸ்டேடியத்தில்தான் நடக்க வேண்டுமாம். அதெப்படி, சேப்பாக்கத்தில்தான் என்றேன் நான். முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். அடுத்த சீசன் குரூப் பட்டியல் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று போனை வைத்தார்.