கைக்கெட்டிய விலையில் ஓர் ஒளி

எங்கள் குடும்பப் படத்தொகுப்பில் பாட்டியைக் கண்டுபிடிப்பது கடினம். பிறந்தநாள், தீபாவளி, புதுமனை புகுவிழா என்று எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவர் பின்வரிசையில் பாதி மறைந்து நிற்பார். முகம் தெரியும் சில படங்களிலோ நெற்றியும் மூக்கும் பளபளவென்று வெளுத்திருக்கும். பின்னாலுள்ள சுவரில் கறுப்பு நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். "மாவு பூசிக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறேன். எனக்கு எதற்குப் படம்?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவார்.

கடந்த ஆண்டு பாட்டிக்கு எண்பது வயது நிறைந்தது. ஈப்போவில் இருக்கும் அவருடைய தங்கை, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அக்காவும் தங்கையும் நேரில் சந்தித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளியில் புகைப்படக் கலை எனக்கு இணைப்பாட நடவடிக்கை. அதனால் படம் எடுக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தார். மாமா பயன்படுத்திய பழைய கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. அது புதிதாகக் கற்பவர்களுக்கென்று செய்யப்பட்ட எளிய கேமரா. சேமிப்பில் 150 வெள்ளியும் இருந்தது.

எங்கள் வீடு புக்கிட் பாஞ்சாங்கில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. எதிரே இன்னொரு புளோக் உயர்ந்து நிற்பதால் மாலை ஆறு மணிக்கே வரவேற்பறை மங்கிவிடும். விளக்கைப் போட்டாலும் கேமராவுக்கு அந்த வெளிச்சம் போதாது. அதில் உள்ள சிறிய ஃபிளாஷ் விளக்கைப் பயன்படுத்தினால், பாட்டி வெறுக்கும் அதே மாவு முகம்தான் கிடைக்கும்.

இதற்குக் காரணம் பாட்டியின் முகமன்று. ஒளி வரும் விதமே. நண்பகல் வெயிலில் நம் நிழல் கறுப்பாக, கூர்மையாக விழுகிறது. மேகம் மூடிய நாளில் நிழலே தெரிவதில்லை. வெயில் ஒரு சிறு புள்ளியிலிருந்து நேராக வருகிறது. மேகமோ அதே ஒளியை வானம் முழுவதும் பரப்பிவிடுகிறது. கேமராவில் உள்ள சிறிய ஃபிளாஷ் நண்பகல் வெயிலைப் போன்றது. அது மாநிற முகத்தில் இருக்கும் வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் பட்டு நேராகத் திரும்பி வருகிறது. பட்டுப் புடவையின் சரிகையும் கண்ணைக் கூசவைக்கிறது. அந்த ஒளியை வெள்ளைக் கூரையின்மேல் பாய்ச்சினால் கூரையே மேகமாகிவிடும். அங்கிருந்து இறங்கும் ஒளி முகத்தில் மென்மையாகப் படரும்.

ஆகவே, தலையைக் கூரைப் பக்கம் திருப்பக்கூடிய தனி ஃபிளாஷ் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. எதை வாங்குவது என்று மாமாவிடம் கேட்டேன். அவர் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. "எங்கே, யாரை, எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கப் போகிறாய்? அதை முதலில் எழுதிவை. விலையைப் பிறகு பார்க்கலாம்" என்றார். பள்ளியின் ஃபிளாஷை வார இறுதிக்கு இரவல் வாங்கிவந்து வீட்டில் சோதித்தேன். அளவு நாடாவால் வரவேற்பறையின் உயரத்தையும் அளந்தேன். சுமார் 2.6 மீட்டர். ஒளி கூரைக்குப் போய்ப் பாட்டியின் நாற்காலிக்கு இறங்க ஏறத்தாழ 4 மீட்டர் பயணம் செய்ய வேண்டும்.

இந்த எண் பின்னர் மிகவும் உதவியது. ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் 'வழிகாட்டி எண்' என்று ஒன்று உண்டு. அதன் வலிமையைக் காட்டும் எண் அது. அதை லென்சின் துவார எண்ணால் வகுத்தால் ஒளி எத்தனை மீட்டர் எட்டும் என்பது தெரியும். வழிகாட்டி எண் 40 என்றும் துவார எண் 4 என்றும் வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 100 இருக்கும்போது ஒளி 10 மீட்டர் எட்டும். ஐஎஸ்ஓவை 400 ஆக உயர்த்தினால் அந்தத் தூரம் இரு மடங்காகும். கூரையில் பட்டுச் சிதறுவதால் ஒளியின் பெரும்பகுதி வீணானாலும் எங்கள் 4 மீட்டருக்கு அது தாராளம். பெட்டியில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கவும் கூடாது. சில நிறுவனங்கள் ஒளியைக் குறுகலாகக் குவித்து அளந்த எண்ணை அச்சிடுகின்றன; அதனால் ஒரே நிலையில் அளந்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது விலை. கேமரா நிறுவனங்களே தயாரிக்கும் உயர்வகை ஃபிளாஷ்கள் பல நூறு வெள்ளி விலையுள்ளவை. கோடாக்ஸ், யோங்னுவோ போன்ற நிறுவனங்களின் எளிய வகைகள் நூறு வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. விலை வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம் தானியங்கி வசதி. அந்த வசதி உள்ள ஃபிளாஷ், படம் எடுப்பதற்குச் சற்று முன் ஒரு சிறு ஒளியை வீசும். லென்ஸ் வழியாகத் திரும்பி வரும் ஒளியைக் கேமரா அளந்து, வேண்டிய வலிமையைத் தானே முடிவு செய்யும். வசதி இல்லாததில் வலிமையை நாமே முழுமை, பாதி, கால் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஓடியாடும் குழந்தைகளையோ ஊர்வலத்தையோ எடுப்பவருக்குத் தானியங்கி பெரிதும் உதவும். எனக்கு அது தேவைப்படவில்லை. கூரையிலிருந்து இறங்கும் ஒளி அறை முழுவதும் பரவுவதால், நான் ஓர் அடி முன்னே போனாலும் பின்னே வந்தாலும் பெரிய மாற்றம் இராது. பாட்டியும் நாற்காலியை விட்டு எழப்போவதில்லை!

ஃபிளாஷ் கேமராவோடு பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. கேமராவின் உச்சியில் ஃபிளாஷைச் செருகும் இடத்தில் சிறிய உலோக முனைகள் இருக்கும். நடுவில் உள்ள முனைதான் 'இப்போது ஒளிர்' என்ற கட்டளையைக் கொடுக்கிறது. செலவைக் குறைக்கச் சில தொடக்கநிலைக் கேமராக்களில் அந்த நடு முனையையே விட்டுவிட்டார்கள். அவற்றில் பிற நிறுவனங்களின் எளிய ஃபிளாஷ் ஒளிராது. என் கேமராவில் நடு முனை இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாமாவும் நானும் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறி, பூகிஸில் மாறி, நகர மண்டபம் நிலையத்தில் இறங்கினோம். அருகிலுள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக்களை விற்கும் கடைகள் உண்டு. ஒரு கடையின் கண்ணாடிப் பேழையில் கனமான பழைய ஃபிளாஷ் ஒன்று இருந்தது. விலை 20 வெள்ளிதான். நான் அதைக் காட்டியதும் கடைக்காரப் பெரியவர் தலையை அசைத்தார். "அது பிலிம் கேமராவுக்கு. உன் கேமராவில் மாட்டாதே" என்றார். பல்லாண்டுகளுக்கு முன் வந்த சில ஃபிளாஷ்கள், நடு முனை வழியாக இருநூறு வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தத்தைக் கேமராவுக்குள் அனுப்பக்கூடியவை. அன்றைய கேமராக்கள் அதைத் தாங்கின. இன்றைய மின்னணுக் கேமராக்கள் பழுதாகிவிடலாம். அதை விற்றிருந்தால் அவருக்கு 20 வெள்ளி கிடைத்திருக்கும். அவர் என் கேமராவை நினைத்துப் பார்த்தார்.

பிறகு, யாரோ சிறிது காலம் பயன்படுத்திய ஒரு புதுவகை ஃபிளாஷை எடுத்து வைத்தார். தானியங்கி வசதி இல்லை. தலை மேலும் பக்கவாட்டிலும் திரும்பியது. மாமா சொல்லிக்கொடுத்தபடி சோதித்தேன். மின்கலம் வைக்கும் அறையில் பச்சை நிறக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். தலையைத் திருப்பி, அது நழுவாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். முழு வலிமையில் பத்து முறை ஒளிரவிட்டு, ஒவ்வொரு முறையும் தயார் விளக்கு மீண்டும் எரிய எத்தனை நொடிகள் ஆகின்றன என்று எண்ணினேன். ஏதேனும் கோளாறு இருந்தால் ஒரு வாரத்திற்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று ரசீதில் எழுதிக் கொடுத்தார். விலை 55 வெள்ளி.

மீண்டும் மின்னேற்றக்கூடிய நான்கு மின்கலங்களும் மின்னேற்றியும் 35 வெள்ளி ஆயின. நிக்கல் வகை மின்கலங்கள் சாதாரண மின்கலங்களைவிட வேகமாக ஃபிளாஷைத் தயார்ப்படுத்துகின்றன. நூற்றுக்கணக்கான முறை பயன்படுகின்றன. மீதி 60 வெள்ளியைப் படங்களை அச்சிட ஒதுக்கி வைத்தேன். புறப்படும்போது பெரியவர் ஓர் எச்சரிக்கையும் சொன்னார். "பழுதானாலும் நீயே திறந்து பார்க்காதே. மின்கலத்தை எடுத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்."

விழா நாளன்று குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பிக் கால் பங்கு வலிமையில் வைத்தேன். சுடரின் பொன்னிறமும் படத்தில் வரவேண்டுமே! அதற்காக ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் முப்பதில் ஒரு பங்காக நீட்டினேன். ஃபிளாஷின் ஒளி கண்ணிமைக்கும் நேரத்தைவிட வேகமாக வந்து மறைந்துவிடும். சுடரின் ஒளியோ ஷட்டர் திறந்திருக்கும் வரை சேர்ந்துகொண்டே இருக்கும். விருந்து, புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. அங்கே சுவரெல்லாம் ஆரஞ்சு வண்ணம். சுவரில் ஒளியைப் பாய்ச்சியிருந்தால் விருந்தினர் முகமெல்லாம் ஆரஞ்சாகியிருக்கும். நல்லவேளையாகக் கூரை வெள்ளையாக இருந்தது.

பாட்டியும் சின்னப் பாட்டியும் கைகோத்துச் சிரிக்கும் படத்தைக் கேமராவின் திரையில் பாட்டியிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இவள் நம் அம்மாவைப் போலவே ஆகிவிட்டாள்" என்று தங்கையைச் சுட்டிச் சொன்னார். பிறகு, "எனக்கும் அதே கன்னம்தான், இல்லையா?" என்று கேட்டார். அன்று எடுத்த படங்களில் இரண்டு பிரதிகள் அச்சிட்டேன். ஒன்று ஈப்போவுக்குப் போனது.

அந்த ஃபிளாஷை நான் எல்லா இடங்களிலும் பயன்படுத்துவதில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் 1999ஆம் ஆண்டு தொடங்கிய இலகு ரயில், சிங்கப்பூரின் முதல் இலகு ரயில். அந்தி நேரத்தில் அது புளோக்குகளுக்கிடையே ஒளிக்கோடாகப் போகும் காட்சியை எடுக்க ஃபிளாஷ் உதவாது. தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் எரியும் அலங்கார வளைவுகளை ஃபிளாஷ் போட்டு எடுத்தால், முன்னே நிற்பவர்களின் தலைகள்தான் வெளிச்சமாகத் தெரியும். அங்கே தேவைப்படுவது முக்காலியும் பொறுமையும்.

இப்போது எங்கள் புகைப்படக் குழுவில் புதிதாகச் சேரும் மாணவர்கள், "எந்த ஃபிளாஷ் நல்லது?" என்று என்னைக் கேட்கிறார்கள். மாமா என்னிடம் கேட்ட கேள்வியையே அவர்களிடம் திருப்பிக் கேட்கிறேன். யாரை, எங்கே எடுக்கப் போகிறீர்கள்? உங்கள் கேமராவோடு அது பொருந்துமா? எந்த வசதி இல்லாமல் உங்களால் சமாளிக்க முடியும்? இவற்றுக்கு விடை தெரிந்த பின் கடைக்குப் போனால், விலைச்சீட்டைப் பார்த்துத் தயங்கவும் வேண்டியதில்லை. விளம்பரத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டியதில்லை.