கல்யாண் சமிதி கணக்கு

மத்தியப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில், 'ரோகி கல்யாண் சமிதி' என்ற கணக்கைப் பார்த்து ஏதோ கல்யாண மண்டபத்துக் கணக்கு என்று நினைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள்! நம்மூரில் நோயாளர் நலச் சங்கம் என்கிறார்களே, அதுதான். 1990களின் நடுவில் இந்தூரில் ஆரம்பித்தது. 2005ல் வந்த தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தால் நாடெங்கும் பரவியது. குழாய், பல்பு, மோட்டார் போன்ற சில்லறைச் செலவுகளுக்கு மேலிடத்து உத்தரவை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டாம்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி மோட்டார் ரிப்பேருக்கு செக் வந்தது. கூட்டாகக் கையெழுத்துப் போடுபவர்களில் ஒருவர் மாற்றலாகிப் போயிருந்தார். புது ஆளுக்கான தீர்மானமும் படிவமும் வரவில்லை. செக்கைத் திருப்பி அனுப்பினேன். ரூல்படி சரிதான்.

அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். அதே ஆஸ்பத்திரி. சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிரே இருந்த அடிபம்பில் பக்கெட்டோடு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்து, "மேனேஜர் சாப், நீங்களுமா?" என்றார் இந்தியில்.

மறுநாள் படிவத்தை நானே எடுத்துக்கொண்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறிக் கையெழுத்து வாங்கி வந்தேன். அதுவும் ரூல்படிதான். முதல் நாளே போயிருக்கலாம்.