கடைசி ஆள் யார்?

சலமான்காவுக்கு வந்த மூன்றாம் நாள், குடியிருந்த வீட்டுக்குக் கீழே இருக்கும் ரொட்டிக் கடையில் கால் மணி நேரம் நின்றேன். சின்னக் கடை. உள்ளே ஆறேழு பேர் இருந்தார்கள். ஒருவர் கதவருகே, ஒருவர் சன்னலோரம், இரண்டு பெண்கள் சுவரில் சாய்ந்து பேசியபடி. வரிசை என்று எதுவும் இல்லை. எல்லோருக்கும் பின்னால் போய் நின்றேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. நான்காவது ஆளும் போனபோது தொண்டை அடைத்தது. என் நிறம் காரணமோ, என் உடை காரணமோ என்று மனம் எங்கெங்கோ போயிற்று. வெறுங்கையோடு படியேறினேன்.

மாடியில் எதிர் வீட்டு மூதாட்டி என் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். தெரிந்த ஸ்பானிய மொழியில் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளே போனதும் கேட்டாயா?"

"என்ன கேட்க வேண்டும்?"

"கடைசி ஆள் யார் என்று."

மறுநாள் காலை அவரே என்னை அழைத்துப் போனார். கதவைத் திறந்ததும் பொதுவாக எல்லோருக்கும் ஒரு வணக்கம். அடுத்து, "கியென் எஸ் எல் ஊல்திமோ?" கடைசி ஆள் யார்? சன்னலோரம் நின்றவர் "யோ" என்றார். நான் என்று பொருள். அவ்வளவுதான். அந்த முகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், பேசலாம், உட்காரலாம். அவருக்கு அடுத்து நாம். நமக்குப் பின்னால் வருகிறவர் கேட்டால் நாம் "யோ" என்று சொல்ல வேண்டும். வரிசை இருந்தது. என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

இதையே இன்னொரு விதமாகவும் கேட்பார்கள். "கியென் தா லா வெத்?" முறையைக் கொடுப்பவர் யார்? இங்கே முறை நாமாக எடுத்துக்கொள்வதல்ல, முன்னால் நிற்பவர் கொடுப்பது. முந்தின நாள் நான் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. சலமான்காவில் நான் இருந்த ஓராண்டு முழுவதையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

மத்ரிதிலிருந்து வடமேற்கே பேருந்தில் இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது சலமான்கா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், தோர்மெஸ் ஆற்றின் கரையில் உட்கார்ந்திருக்கும் ஊர். லியோன் நாட்டு அரசர் ஒன்பதாம் அல்ஃபோன்சோ 1218இல் இங்கே பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். ஸ்பானிய மொழி பேசும் உலகில் இன்றும் நடந்துவரும் பல்கலைக்கழகங்களில் இதுவே மூத்தது. அந்தோனியோ தெ நெப்ரிஹா ஸ்பானிய மொழிக்கு எழுதிய இலக்கணம் 1492இல் அச்சேறியதும் இதே ஊரில்தான். அந்த மொழியை வெளிநாட்டவருக்குக் கற்பிக்கும் முறையைப் படிக்கத்தான் நாகர்கோவிலிலிருந்து நான் அங்கே போனேன்.

பழைய நகரம் முழுக்க ஒரே கல்லால் ஆனது. பக்கத்தில் வியாமயோர் என்ற ஊரில் வெட்டி எடுக்கும் மணற்கல் அது. வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டபின் இறுகும். அதிலுள்ள இரும்பு மெல்லத் துருவேறி, கல்லுக்குப் பொன்னிறம் தருகிறது. மென்மையான கல் என்பதால் சிற்பிகள் தந்தத்தில் செதுக்குவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் முகப்பில் அரசர்கள், கொடிகள், விலங்குகள் என்று நெருக்கமாக வேலைப்பாடு இருக்கிறது. அதில் ஒரு மண்டையோட்டின் மேல் தவளை ஒன்று குந்தியிருக்கிறது. யாருடைய உதவியுமில்லாமல் அதைக் கண்டுபிடிக்கும் மாணவர் அந்த ஆண்டு தேறுவார் என்பது ஊர் நம்பிக்கை. இரண்டு சாயங்காலங்கள் கழுத்து வலிக்க நின்று நான் கண்டுபிடித்தேன்.

வகுப்பில் எனக்குத் துணை வந்தது என் தமிழ். ஸ்பானிய மொழியில் "பெரோ" என்றால் ஆனால். "பெறோ" என்றால் நாய். நாக்கு ஒருமுறை தட்டுவதற்கும் அதிர்ந்து உருளுவதற்கும் உள்ள வேறுபாடு அது. உடன் படித்த பலர் மாதக்கணக்கில் அதற்காகப் பாடுபட்டார்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் அரையும் அறையும் இன்னும் வேறு வேறு ஒலிகள்தாம். நான் அதைக் கலந்து பேசினால் ஆச்சி திருத்துவாள். அவள் திருத்திய நாக்கு அங்கே முதல் நாளே உருண்டது. ஒன்றுமில்லை என்பதற்கு "நாதா" என்பார்கள். அதில் வரும் தகரம் நம் 'அது'வில் வரும் மெல்லிய தகரமேதான். நாளைக்கு "மஞானா". அந்த ஞகரத்தைச் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

எல்லோரையும் அச்சுறுத்தும் பாடம் ஒன்று உண்டு. 'இருத்தல்' என்பதற்கு ஸ்பானிய மொழியில் இரண்டு வினைச்சொற்கள், செர், எஸ்தார். ஒருவர் யார், என்ன என்று சொல்ல முதலாவது. எங்கே, எந்த நிலையில் என்று சொல்ல இரண்டாவது. விதிகளைப் பட்டியலிட்டுத் தந்தார்கள். ஒருநாள் நூலகத்தில் அவற்றைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். "நான் மாணவி." இதில் வினைச்சொல்லே இல்லை. "களைப்பாக இருக்கிறேன்." "சலமான்காவில் இருக்கிறேன்." இவற்றில் 'இரு' வந்துவிடுகிறது. நாம் வினையில்லாமல் சொல்லுமிடத்தில் பெரும்பாலும் அவர்களுக்குச் செர், நாம் 'இரு' சேர்க்குமிடத்தில் பெரும்பாலும் எஸ்தார். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் அன்றைக்குப் பிறகு அந்தப் பாடத்தைக் கண்டு நான் அஞ்சவில்லை. பிறகு என் ஆய்வேட்டுக்கும் இதையே பொருளாக எடுத்துக்கொண்டேன்.

கடினமாக இருந்தது வேறொன்று. பேராசிரியர்களை மாணவர்கள் 'நீ' என்றே அழைக்கிறார்கள். 'நீங்கள்' என்பதற்கு உஸ்தெத் என்ற சொல் இருக்கிறது. ஸ்பெயினில் அன்றாடப் பேச்சில் அது அருகிவிட்டது. நரைத்த தலையோடு வந்து பாடம் நடத்துகிறவரைப் பார்த்து நீ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதம் உஸ்தெத் போட்டேன். எதிர் வீட்டு மூதாட்டிதான் ஒருநாள் முகம் வாடிக் கேட்டார். "என்னை ஏன் தள்ளி வைக்கிறாய்?" மரியாதை என்று நான் நினைத்தது அவருக்குத் தொலைவாகப் பட்டிருக்கிறது. அன்று முதல் அவரையும் நீ என்றேன். அவர் என்னை "இஹா" என்பார். மகள் என்று பொருள். எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையையும் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் "மக்களே" என்று கூப்பிடும் அதே குரல்.

அங்கே என் நாளின் ஒழுங்கு பழக நாளானது. டிசம்பரில் காலை எட்டரைக்கும் இருட்டு விலகியிருக்காது. ஒன்பது மணி வகுப்புக்குத் தெருவிளக்கின் வெளிச்சத்தில் நடப்பேன். ஜூனிலோ இரவு பத்து நெருங்கும்வரை வானத்தில் வெளிச்சம். ஸ்பெயினின் பெரும்பகுதி இங்கிலாந்தின் தீர்க்கரேகையிலேயே இருந்தாலும், 1940இல் சர்வாதிகாரி பிரான்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. பிறகு அது திருப்பி வைக்கப்படவே இல்லை. அதனால் மதியச் சாப்பாடு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்துவரை சின்னக் கடைகள் அடைத்துக் கிடக்கும், தெரு வெறிச்சோடும். குளிர்காலத்தில் இந்தியா நாலரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. நான் மதியம் சாப்பிட உட்காரும்போது அம்மா விளக்கேற்றிவிட்டுக் கூப்பிடுவாள். "சாப்பிட்டியா மக்களே?"

சாப்பாடு பெரும்பாலும் பருப்பு. சலமான்காவுக்கு வடக்கே ஆர்மூஞா என்ற சமவெளியில் விளையும் பருப்புக்கு நாடு முழுக்கப் பெயருண்டு. வேகவைத்தால் தோல் பிரியாது, உள்ளே வெண்ணெயாக இருக்கும். பூண்டு, வெங்காயம், ஒரு பிரிஞ்சி இலை, பிமென்தோன் என்னும் புகையில் உலர்த்திய மிளகாய்ப் பொடி, இவற்றோடு பன்றியிறைச்சித் துண்டுகளும் போட்டுச் சமைப்பார்கள். நான் இறைச்சியை விட்டு, சீரகம் தாளித்துக் கொட்டினேன். மாதக் கடைசியில் ஒரு பானைப் பருப்பும் ஒரு நீள ரொட்டியும் இரண்டு நாளுக்கு வரும். என்னோடு வீட்டைப் பகிர்ந்த மூவரும் தட்டோடு வந்துவிடுவார்கள். கையில் காசு இருந்தால் பிளாசா மயோரை ஒட்டிய மத்தியச் சந்தைக்குப் போய் மீன் வாங்குவேன். கடலே இல்லாத ஊரில் அவ்வளவு மீன்! அங்கேயும் அதே கேள்விதான்: கடைசி ஆள் யார்?

சாயங்காலமானால் ஊரே பிளாசா மயோருக்கு வந்துவிடும். அல்பெர்தோ தெ சுரிகெரா 1729இல் கட்டத் தொடங்கிய சதுக்கம், 1755இல் முடிந்தது. நாற்புறமும் வளைவுகள் கொண்ட நடைபாதை. சந்திக்க வேண்டியவர்கள் "கடிகாரத்துக்குக் கீழே" என்பார்கள், வேறு அடையாளம் வேண்டாம். தாத்தா பாட்டிகள் கைகோத்துச் சுற்றுவார்கள், குழந்தைகள் பந்து உதைப்பார்கள், மாணவர்கள் கல்தரையில் வட்டமாக உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். அங்கே உட்காரப் பணம் வேண்டாம். காசில்லாத மாணவிக்கு ஒரு நகரம் தரக்கூடியதில் அதைவிடப் பெரிது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சனவரி வேறு மாதிரி. ஆற்றுப் பனிமூட்டம் நாள்கணக்கில் ஊரை மூடிக்கொள்ளும். குளிர் சுழியத்துக்குக் கீழே ஐந்து பாகை இறங்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போன வீட்டுத் தோழிகள் திரும்பியிருக்கவில்லை. தேர்வு நெருங்கியது, எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் கதவு தட்டும் ஓசை. எதிர் வீட்டு மூதாட்டி கையில் கிண்ணத்தோடு நின்றார். பூண்டும் ரொட்டியும் முட்டையும் போட்ட சூப். "ஆஸ் கோமிதோ, இஹா?" சாப்பிட்டாயா மகளே? அழுதுவிட்டேன். அம்மா கேட்பதும் அவர் கேட்பதும் ஒரே கேள்வி என்பதை அவருக்குச் சொல்லும் அளவுக்கு அன்று எனக்கு மொழி கைவரவில்லை.

காய்ச்சல் விட்டபின் பழைய பேராலயத்தின் உட்பிராகாரத்தில் இருக்கும் சாந்தா பார்பரா சிற்றாலயத்துக்குப் போனேன். முற்காலத்தில் பட்டத் தேர்வுக்கு முந்தின இரவு மாணவர் அங்கே தனியாகப் பூட்டப்படுவார். நடுவில் ஓர் ஆயரின் கல்லறை. அதன்மேல் செதுக்கிய உருவத்தின் பாதங்களில் தன் பாதங்களை ஊன்றியபடி நாற்காலியில் உட்கார்ந்து விடிய விடியப் படிக்க வேண்டும். விடிந்ததும் அங்கேயே தேர்வு. தேறியவர் பெரிய வாசல் வழியாக ஆரவாரத்தோடு போவார். தோற்றவர் வண்டி வாசல் வழியாக வெளியேறுவார். முனைவர் ஆனவரின் பெயரை, காளையின் இரத்தம் கலந்து செய்த சிவப்பில், சுவரில் எழுதுவார்கள். அதற்கு வீத்தோர் என்று பெயர். பொற்கல் சுவர்கள் முழுக்க அந்தச் சிவப்பெழுத்துகள் இன்றும் இருக்கின்றன.

பிறகு பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் ஃப்ராய் லூயிஸ் தெ லியோன் பாடம் நடத்திய வகுப்பறைக்குப் போனேன். 16ஆம் நூற்றாண்டில் அவரைச் சமய விசாரணைத் தீர்ப்பாயம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வைத்திருந்தது. வெளியே வந்து மறுபடியும் பாடம் சொன்னார். இருக்கைகள் என்று அங்கே இருப்பவை சீராக இழைக்கப்படாத மரக்கட்டைகள். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்தவை, கத்தியால் கீறிய எழுத்துகள் நிறைந்தவை. இந்தக் குளிரில் இந்தக் கட்டைமேல் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பெயர் சுவரில் ஏறியவர் சிலர், வண்டி வாசலில் போனவர் பலர். எல்லோருமே வீட்டை விட்டு வந்தவர்கள், குளிரில் நடுங்கியவர்கள், பசித்தவர்கள். எண்ணூறு ஆண்டு நீளும் ஒரு வரிசை. ரொட்டிக் கடையில் போலவே கண்ணுக்குத் தெரியாதது. அந்தச் சனவரியில் அதன் கடைசி ஆள் நான் என்று தோன்றியது. தனியாக இருக்கிறேன் என்ற எண்ணம் அங்கேதான் விலகியது.

வசந்தத்தில் ஆற்றங்கரை பச்சையானது. ஈஸ்டருக்கு அடுத்த வாரத் திங்களன்று ஊரே தோர்மெஸ் கரையில் கூடி, இறைச்சியும் முட்டையும் வைத்துச் சுட்ட ஒர்னாசோ என்ற பெரிய ரொட்டியைப் பகிர்ந்து உண்டது. வீட்டுத் தோழிகளும் மூதாட்டியும் நானும் ஒரே விரிப்பில் உட்கார்ந்தோம். நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தேன். மூதாட்டி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

செப்டம்பரில் மூன்று பேர் கொண்ட குழுவின் முன் என் ஆய்வேட்டைப் பற்றிப் பேசினேன். செர், எஸ்தார் என்ற இரு வினைகளைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கலாம் என்பது பொருள். தேறினேன். சுவரில் என் பெயர் இல்லை, முதுகலைக்கு அந்த வழக்கம் கிடையாது. மனம் நிறைந்தே இருந்தது.

ஊர் திரும்ப நான்கு நாள் இருக்கும்போது என் அறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். கொரியாவிலிருந்து வருகிறாள். பெட்டியைத் திறக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். மறுநாள் காலை அவளைக் கீழே அழைத்துப் போனேன். படியிறங்கும்போதே அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் நான் உள்ளே போனேன், கேட்டேன், ஒரு முதியவர் கை உயர்த்தினார். பின்னாலேயே வந்த அவள் நடுங்கும் குரலில் கேட்டாள். நான் "யோ" என்றேன்.

என் முறை வந்தது. ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து காத்திருந்தேன். அவள் இன்னும் உள்ளே நின்றாள். அதற்குள் கையில் பையோடு ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். கடைசி ஆள் யார் என்று அவர் கேட்பது தெருவரை கேட்டது. ஒரு கணம் அமைதி. பிறகு அவள் குரல், கொஞ்சம் மெலிவாக, ஆனால் தெளிவாக.

"யோ."